பெட்டியின் கடைசிச் சொல்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ரயில் பயணத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண், அக்கம்பக்கம் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி போனில் கத்தினாள்: "எழுதியாச்சு, எழுதியாச்சுன்னு சொல்லாதீங்க சார். போய்ச் சேர்ந்துச்சா? அதைச் சொல்லுங்க!"

வருஷக்கணக்காகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருப்பவன் நான். என்னைத்தான் கேட்கிறாளோ என்று தூக்கிவாரிப்போட்டது. இல்லை, அவள் ஒரு கணினியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"மழை பெய்துகொண்டிருந்தது." வேண்டாம். இந்தக் கதையில் யாரும் நனையப் போவதில்லை.

"அவள் திரையை வெறித்தாள். அவள் கண்களில்" — கண்களில் என்ன? தூக்கம்தான். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் தேறியது:

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். வைத்தவர் மேனேஜர். எல்லோரும் "சரியாயிடுச்சு" என்று எழுந்து காபி குடிக்கப் போன பிறகும், "ஏன் சரியாச்சு?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள். கர்னல் எழுதுவது அவள் வேலை. கணினிக்குள் யாருக்கு எவ்வளவு இடம், எந்தக் கருவிக்கு எப்போது முறை என்று வீட்டு நிர்வாகம் பார்க்கும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு பேசும் பெட்டி. தட்டச்சு செய்ததை அது குரலில் சொல்லும்.

சந்தேகத்தின் அக்கா பள்ளி ஆசிரியை. தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. முதல் பெட்டி அவள் மடிக்குத்தான் வந்தது.

3

ஒரு சாயங்காலம் அக்கா, "தலையணை வேண்டும்" என்று தட்டினாள். பெட்டி சொன்னது. சந்தேகம் ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்து அக்காவின் முதுகுக்கு வைத்தாள். அடுத்து அக்கா, "மாத்திரை வேண்டாம்" என்று தட்டினாள்.

"மாத்திரை வேண்டும்" என்றது பெட்டி, கணீரென்று.

சந்தேகம் மாத்திரையை நீட்டினாள். அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

"நீதானே கேட்ட?"

அக்கா மாத்திரையைப் பிடுங்கிச் சுவரில் வீசினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினாள். இந்த முறை ஒரு எழுத்துப் பிசகாமல் பெட்டி சொன்னது: "உன் பெட்டி என் வாயில மண்ணைப் போடுதுடி."

சந்தேகம் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், மன்னிக்கவும். அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது: பெட்டி புதிய வாக்கியத்தில் தொடங்கி, பழைய வாக்கியத்தின் வாலில் முடித்திருக்கிறது. எப்போதும் இல்லை, எப்போதாவது. எப்போது என்று தெரியாததுதான் சிக்கல்.

4

[திருத்தம்: அக்கா ஆசிரியை அல்ல, வக்கீல். இதை நேற்றே மாற்றிவிட்டேன், ஆனால் என் மனசில் மட்டும். நீங்கள் இந்த நிமிடம்வரை கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ஒருத்தியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? உங்கள்மேல் தப்பில்லை. நான் மாற்றியது உங்களிடம் வந்து சேரவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.]

வக்கீல் ஆனதும் கதைக்கு உயிர் வந்தது. அக்காவின் கையில் ஒரு வழக்கு இருந்தது. கிடங்குக் காவலாளி ஒருவர்மேல் திருட்டுப் பழி. குரல் போனதும் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் காட்டினாள். "நீங்க கைய ஆட்டினாக்கூடப் போதும்மா, நீங்கதான் வேணும்" என்று காவலாளி பிடிவாதமாக நின்றுவிட்டார். பெட்டியின் மூலம் வாதாட நீதிபதி அனுமதி கொடுத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணை.

"என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை" என்று அக்கா தட்டி, பெட்டி "ஒப்புக்கொள்கிறார்" என்று முடித்துவைத்தால் அந்த மனிதர் கதி என்ன?

5

பிழை எங்கே என்று பார்க்க, எல்லோரும் செய்வதையே அலுவலகத்திலும் செய்தார்கள். நிரலின் நடுவே, 'இங்கே வந்தேன்' என்று திரையில் செய்தி எழுதும் வரி ஒன்றைச் சேர்த்தார்கள். பிழை போன இடம் தெரியவில்லை. வரியை எடுத்தார்கள், பிழை வந்து நின்றது.

"அப்ப அந்த வரி பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மேனேஜர். "யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஏன் சரியாச்சு சார்?"

"ஆரம்பிச்சுட்டியா? சரியாச்சுல்ல, விடும்மா."

"இது சரியாகல சார். ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. கோர்ட்ல வெளிய வந்தா நீங்க போய் நிப்பீங்களா?"

(இந்த இடத்தில் ஒரு காதல் வைக்கப் பார்த்தேன். சிப் பிரிவு இளைஞன் ஒருவன் இரண்டு காபியோடு வந்து, அவளுடைய நாற்காலியின் — இல்லை தம்பி, நீ போ. அவளுக்கு வேலை இருக்கிறது.)

6

கொஞ்சம் கட்டுரை. பயப்படாதீர்கள், சீக்கிரம் முடிந்துவிடும்.

கணினியின் மூளையான செயலி ஓர் அவசரக் குடுக்கை. பிரதான நினைவகம் அதற்குத் தூரம். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் கேஷ் என்று ஒரு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு அங்கேயே எழுதும். நினைவகம் பீரோ என்றால் கேஷ் மேசை. மேசை நிறைந்தால்தான் பழைய தாள்கள் பீரோவுக்குப் போகும். ஆனால் குரல் கொடுக்கும் ஒலிக்கருவிக்கு மேசை இருப்பதே தெரியாது. அது நேராகப் பீரோவைத் திறந்து வாசிக்கும். கடைசியாக எழுதிய தாள் மேசையிலேயே கிடந்தால், பீரோவில் அதே இடத்தில் இருக்கும் பழைய தாளை எடுத்துப் படித்துவிடும். இந்தப் பெட்டியின் மேசையில் பிடிப்பது ஏறக்குறைய ஒரு நொடிப் பேச்சு, அதாவது கடைசிச் சொல். நான் அக்காவை வக்கீலாக்கியது என் மேசையிலேயே கிடந்த கதையும் இதுதான்.

'இங்கே வந்தேன்' வரி என்ன செய்தது? வேறு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் கொட்டியது. இடம் போதாமல் பழையவை தாமாகவே பீரோவுக்கு ஓடின. வெறும் அதிர்ஷ்டம்.

இதற்கு மருந்தாகக் கர்னலில் ஒரு கட்டளை உண்டு: மேசையில் கிடப்பதைப் பீரோவுக்குத் தள்ளி, மேசையைக் காலி செய். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டளை நிரலில் ஏற்கனவே இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். "அதான் இருக்கே" என்று தாண்டிப் போனார்கள்.

7

சந்தேகம் தாண்டவில்லை. திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுச் சொன்னாள். "மேசையக் காலி பண்ணு. அப்புறம் பேச்சை எழுது. அப்புறம் ஒலிக்கருவியக் கூப்பிடு."

விரல் நின்றது. முதலில் காலி செய்துவிட்டு, அதற்குப் பிறகு எழுதினால் எழுதியதை யார் தள்ளுவது?

"சார், இந்தப் பகுதிய மைக் புரோகிராம்லேர்ந்தா நகல் எடுத்தாங்க?"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆமா. ஏன்?"

"மைக்ல குரல் வெளியிலேர்ந்து பீரோவுக்கு வருது. நாம வாசிக்கிறதுக்கு முன்னாடி மேசையில கிடக்குற பழச எடுத்துடணும். அங்க காலி பண்றது முதல்ல. இங்க குரல் நம்மகிட்டேர்ந்து வெளிய போகுது. எழுதினப்புறம்தான் காலி பண்ணணும். யாரோ திசையத் திருப்பிட்டு இந்த வரியத் திருப்ப மறந்துட்டாங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரோ இல்லம்மா, நான்தான்."

அவள் அந்த வரியை வெட்டி, கீழே ஒட்டினாள். 'இங்கே வந்தேன்' வரியைத் தூக்கி எறிந்தாள். நாள் முழுக்கப் பெட்டியைப் பேசவிட்டார்கள். வேண்டும், வேண்டாம், வந்தார், வரவில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பழைய வால் ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. சந்தேகம் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள்:

"போய்ச் சேர்ந்துடுச்சு!"

இதை எழுதும்போது நானும் எழுந்து நின்றுவிட்டேன். ரயில்பெண்ணே, நீ நன்றாக இரு.

8

முடிவு ஒன்று: அவசரத்தில் பழைய நிரலே அக்காவின் பெட்டியில் ஏறிவிட — எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: காவலாளி விடுதலை, எல்லோரும் கைதட்டுகிறார்கள். நீதிமன்றத்தில் கைதட்ட விடமாட்டார்கள்.

தீர்ப்பை நான் எழுதப் போவதில்லை. அது நீதிபதியின் வேலை. எனக்குத் தெரிந்தது திங்கட்கிழமை காலை மட்டும். கூண்டுக்குள் காவலாளி. கடைசி வரிசையில் சந்தேகம், பக்கத்தில் மேனேஜர். அக்கா எழுந்து முதல் வாக்கியத்தைத் தட்டினாள்.

"எதிர்த்தரப்பு சொல்கிறது: என் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்" என்றது பெட்டி.

சந்தேகத்துக்கு மூச்சு நின்றது. உலகத்தில் எத்தனையோ வாக்கியம் இருக்க, பழைய வாலாகக் கிடக்கும்படி வேண்டுமென்றே இதையா முதலில் சொல்வாள்? அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். கண்ணடித்தாள். இவளுக்குக் கொழுப்பு, ஆனால் அந்தக் கொழுப்புக்குப் பெயர் நம்பிக்கை. பிறகு அடுத்ததைத் தட்டினாள்.

"நாங்கள் சொல்கிறோம்: என் கட்சிக்காரர் குற்றத்தை..."

மீதி ஒரு சொல். கீழே எழுதிவிட்டேன். ஆனால் எழுதியாச்சு என்பது வேறு, போய்ச் சேர்ந்தாச்சு என்பது வேறு என்று இப்போது உங்களுக்கே தெரியும். இதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. கூண்டுக்குள் நிற்கிறவருக்குக் கேட்கும்படி, தயவுசெய்து வாய்விட்டுப் படியுங்கள்:

ஒப்புக்கொள்ளவில்லை.