காஜா முகைதீன் வளர்த்த கிடா

மேலப்பாளையம் காஜா முகைதீனின் நஃப்ஸ், அதாவது மனிதனுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு எனக்கு என்று கேட்டுக்கொண்டே இருக்கிற ஆசை மனம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் தும்மியபோது வெளியே வந்து விழுந்தது. கறுப்பு வெள்ளாட்டுக் கிடா, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவ்வாய் ஆட்டுச் சந்தை நாள் என்பதால் ஊர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தரகர் ஒருவர் துண்டால் மூடிய கைக்குள் விரலைப் பிடித்து விலை பேசி வாங்கியும் போனார். தெருமுனை தாண்டுவதற்குள் கிடா திரும்பி வந்து காஜா முகைதீனின் முழங்காலில் முட்டியது. அவருக்குப் பசித்தால் அது கத்தியது. அவருக்குக் கோபம் வந்தால் அது முட்டியது. எதிர்க்கடையில் கூட்டம் சேர்ந்தால் அதன் கண் சிவந்தது. இன்னார் நஃப்ஸ் இது என்று இரண்டே நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அதற்கு ஒரு வாரம் முன்பு பாளையங்கால்வாயில் ஒரு காரியம் நடந்திருந்தது. பீடி சுற்றும் நாகூர் மீராளின் மூன்று வயதுப் பையன் படித்துறையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்த பூதத்தான் சட்டையோடு குதித்துத் தூக்கினார். பிள்ளை தண்ணீரைக் கக்கி அழுததும், பக்கத்தில் நின்ற காஜா முகைதீன் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இவனைப் பிடியும், எனக்கு பஸ்ஸு போயிரும்" என்று ஓடிவிட்டார். கூட்டம் வந்து பார்த்தபோது பிள்ளையை நெஞ்சோடு அணைத்து நின்றது செல்போன் பழுது பார்க்கும் காஜா முகைதீன்தான். மீராள் அழுத அழுகையில் அன்று அவருக்கு உண்மையைச் சொல்ல வாய் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வாய் இருக்கத்தான் செய்தது. சால்வையும் பிரியாணியும் வந்துகொண்டிருந்ததால் அதற்கு வேறு வேலை இருந்தது.

நஃப்ஸுக்கு மருந்து நோன்பு என்பது அவருக்குத் தெரியும். திங்களும் வியாழனும் நோன்பு வைத்தார். கிடா மெலிந்து விலா எலும்பு தெரிந்தது. ஆனால் மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் யாரோ, கால்வாயில் உயிர் காத்தவர் இப்போது நோன்பும் வைக்கிறார், மாஷா அல்லாஹ் என்று போட்டுவிட, சாயங்கால மஃரிப் தொழுகைக்குள் அது கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. கறியை விட்டார். வெட்டிப் பேச்சை விட்டார். எதை விட்டாலும் கிடா ரெண்டு நாள் இளைக்கும். ஊர் மெச்சியதும் முன்னைவிடப் பெருக்கும். பக்ரீத் வந்தபோது அதன் கொம்பு உத்தரத்தில் இடித்தது. குர்பானி கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டார். அவரும் பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பழுதில்லாத பிராணிதான் என்றார். கழுத்தைத் தடவிப் பார்த்தபோதுதான் முகம் மாறியது. "இதை அறுத்தா ரத்தம் உம்ம கழுத்துலேருந்துல்லா வரும்" என்று கத்தியை உறையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் இடமில்லாமல் அவர் மனைவி ஹமீது பீவி அடுப்பை மொட்டைமாடிக்கு ஏற்றினாள். கெட்டிக்காரி, கிடாவின் வாயைக் கவனித்து வந்தாள். அது புல் தின்னவில்லை, தழை தின்னவில்லை. நாகூர் மீராள் வாசலில் நின்று, எம் பிள்ளைக்கு உசுரு குடுத்த அண்ணன் நல்லாருக்கணும் என்று கையேந்தி துஆ செய்யும்போது மட்டும் கண்ணை மூடி அசைபோட்டது. ஒரு சாயங்காலம் புருஷனிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தா பாருங்க, அன்னைக்கு உங்க சட்டை நெஞ்சுலதான் நனைஞ்சிருந்துச்சு. கைலி காஞ்சு கிடந்துச்சு. துவைச்சவ நான். பிள்ளையை எடுத்தது யாரு?"

காஜா முகைதீன் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "இதை வெளியே சொன்னா இந்த ஊருல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன், பீவி?"

"இப்ப மட்டும் நடக்கவா செய்யுதீய? இது வாசலை அடைச்சுக்கிட்டுல்லா நிக்கி!"

அதற்கும் மேலே ஒரு வருஷம் அவர் யோசித்தார். சாமானியமான சண்டையா அது! கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றார். வெளியே கிடா தெருவை அடைத்து நிற்க, ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பிள்ளையை எடுத்தது நான் இல்லை, விக்கிரமசிங்கபுரத்துப் பூதத்தான், இத்தனை நாளும் அவர் புகழைத் தின்றேன் என்றார். மீராளின் புருஷன் சலாம் சொல்லாமல் எழுந்து போனான். வெளியே கிடா, காற்றுப் போன சைக்கிள் டியூப் மாதிரி சுருங்கிக் குட்டியானது, ஆட்டோக்கள் போயின. அப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "இப்படிச் சொல்ல எவனுக்கு வே மனசு வரும்? இவருல்லா மனுசன்!" என்றார். வாசலில் குட்டி காதைத் தூக்கி அசைபோட ஆரம்பித்தது. காஜா முகைதீன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். நேராகக் கடைக்குப் போய் நல்ல கயிறாக ஒன்று வாங்கி வந்து குட்டியைக் கட்டினார்.

அதன் பிறகு அது பெருக்கவுமில்லை, சாகவுமில்லை. யாராவது மெச்சினால் அவர் கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொள்வார். ஊருக்கும் பழகிவிட்டது. பல மாதம் முகம் கொடுக்காத நாகூர் மீராள், பூதத்தானுக்கு அவர் கையில் அல்வாப் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பினாள். காஜா முகைதீன் கிடாவோடு பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் பூதத்தான் ஏணிமேல் நின்று சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளையா? நல்லாருக்கானா?" என்று கேட்டு இறங்கி வந்தார். மேலப்பாளையமே உம்ம பேரைத்தான் சொல்லுது, அந்தப் பிள்ளையோட உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் உமக்கு துஆ கேக்கா என்று காஜா முகைதீன் சொன்னார்.

"நான் என்ன வே பெருசா செஞ்சிட்டேன்" என்றார் பூதத்தான். அல்வாவைப் பிரித்தார். ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு பைய, "வேற என்னென்ன சொல்லுதாவ?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தும்மினார்.

செவலைக் குட்டி ஒன்று ஏணியடியில் விழுந்து எழுந்து உடம்பை உதறியது. அந்த ஊரில் அதற்கு நஃப்ஸ் என்று பெயர் கிடையாது. பூதத்தான் திகைத்துப்போய்ப் பார்த்தார். காஜா முகைதீன் தன் கிடாவின் கயிற்றில் பாதியை அறுத்து அவர் கையில் கொடுத்தார். திருநெல்வேலி பஸ் வந்து நின்றது.