என் பெயரில் போனவள்

நான் கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. ரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு பஸ் இறங்குவதற்குள்ளேயே எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் ஞாயிறு பத்திரிகையில் 'பாலைவனத்தில் என் நாட்கள்' எழுதுபவள் நான்தான். விதுஷா என்று கொட்டை எழுத்தில் பெயர் வரும்.

அந்த நாட்களை வாழ்ந்தவள் அனுஷியா. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பெண், வயது பத்தொன்பது. வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அந்த வயது போதாது என்றார்கள். முன்பள்ளி டீச்சரான எனக்கு முப்பது. கெஞ்சினாள், என் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். அவள் படமும் என் பெயருமாகப் பாஸ்போர்ட் வந்தது. இப்படிப் போனவள் அவள் மட்டுமில்லை, அதனால் தோட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள். மூன்று மாடிப் படி துடைத்தது, ஜன்னலே இல்லாத அறை, பூனைக்கு மட்டும் ஏசி. அதையெல்லாம் 'நான்' என்று போட்டு எழுதினேன்.

"எழுதுங்க டீச்சர், பேருதான் ஒன்னாச்சே" என்று சிரித்தாள்.

பாராட்டுக் கடிதங்கள் வந்தன. வெட்கமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் அம்மா சுந்தரம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மகளின் குரலைக் கேட்டால் நெஞ்சு தாங்காது என்பார். ஞாயிறு பகலில் பத்திரிகையோடு வருவார், நான் வாசிப்பேன்.

ஒரு நாள் குரல் நின்றது. கடைசியாக வந்தது நான்கு வினாடி. குழாயில் தண்ணீர் விழும் சத்தம், வேறொன்றுமில்லை. பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார். சுந்தரம்மா வாசலில் வந்து நின்றார். பயத்தில் நானே கட்டி எழுதினேன். அந்த வீட்டு மேடம் நல்லவளாகிவிட்டாள் என்றேன். போன வாரம், 'பூசணிக்காய்க் கறி ருசித்துத் தின்றேன்' என்றேன். எழுதும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழும். எழுந்து போய்ப் பார்ப்பேன். குழாய் மூடியே இருக்கும்.

வெள்ளிக்கிழமை பதிவுத் தபாலில் அரசாங்கக் கடிதம் வந்தது. விதுஷா இறந்துவிட்டார், உடலைப் பொறுப்பேற்கக் குடும்பத்தினர் வரவும். என் சாவுச் செய்தியை நானே கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தேன். தேதியைப் பார்த்தேன். பூசணிக்காய் அச்சில் வந்த அன்று அவள் செத்துப் பதினெட்டு நாள்.

ஞாயிறு வந்தது, சுந்தரம்மாவும் வந்தார்.

"வாசிங்க டீச்சர்."

பத்திரிகையை விட்டுவிட்டுக் கடிதத்தை வாசித்தேன்.

"யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேரு."

"அப்ப எம்புள்ள இல்லதானே?"

"அவதாங்க அக்கா. குரல் நின்ன பொறவு வந்ததெல்லாம் நானாக் கட்டினது. என்னய மன்னிச்சிருங்க."

"தெரியும்" என்றார். "பூசணிக்கா வாசத்துக்கே அவ வாந்தி எடுப்பா. போன வாரமே தெரியும்."

"ஏன் அக்கா கேக்கல?"

"கேட்டா நீங்க எழுதுறத நிப்பாட்டிருவீங்க."

நான்தான் அழுதேன். அவர் பனி மூடிய ரிவர்ஸ்டன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி என்ன பேருல வரும்?"

"உண்மையச் சொல்லாட்டி, என் பேருலதான்."

"சொன்னா ஒங்களப் புடிப்பாங்களா?"

"புடிக்கலாம்."

சுந்தரம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பி, வெறுமையாயிருந்த பின்பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். எம்புள்ள பேர எழுதுங்க."

பேனாவை எடுத்து 'அனுஷியா' என்று எழுதினேன். அத்தனை கட்டுரைகளில் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூட எழுதியிருக்கவில்லை.