ஐந்தரை மணி நேரம்

கொண்டோட்டி சைதலவி ஏறிய விமானம் ஜித்தாவிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் கரிப்பூரில் இறங்கியது. சைதலவி இறங்கப் பத்தொன்பது மாதம் ஆனது. இதில் விமானத்தின் மேல் தப்பில்லை. மற்ற நூற்று எழுபது பேரும் அன்று மதியமே வீட்டில் சோறு தின்றார்கள்.

ஊருக்கு இது புதிதும் அல்ல. கல்யாணமான பிறகு வந்த முதல் லீவில் அவர் ஒன்பது மணி நேரம் பிந்தினார். அடுத்த லீவில் இரண்டு நாள். அதற்கடுத்து நோன்பு மாதம் முழுக்க. கயிறு கட்டிப் பேரெழுதிய பெட்டி மட்டும் சரியாக வந்துவிடும். ஆள் வராமல் பெட்டியைப் பிரிக்கும் வழக்கமில்லை. சோப்புக்கும் செண்டுக்கும் வந்த சொந்தங்கள் அவர் மனைவி மைமூனாவின் வீட்டிலேயே தங்கித் தின்று தீர்த்தார்கள். ஒருமுறை பக்கத்து சீட்டில் வந்த ஊர்க்காரர் அவறான் சத்தியமே செய்தார். "கடல் தாண்டுற வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் வந்தான். கரை தெரிஞ்சதும் பாக்குறேன், பெல்ட்டு மாட்டின மேனிக்கு சீட்டு காலி." சைதலவியோ ஒவ்வொரு முறையும் மைமூனாவிடம் கைக்கடிகாரத்தை நீட்டுவார். "நீயே பாரு, அஞ்சரை மணி நேரம்தான். உனக்குத்தான் பொறுமையில்ல."

திரும்பிப் போகும்போது மட்டும் தூரம் சுருங்கியது. அவர் குடித்த சாயா கிளாஸை மைமூனா கழுவிக் கவிழ்ப்பதற்குள் ஜித்தாவிலிருந்து போன் வந்துவிடும். அதைப் படைத்தவனின் கருணை என்றே இருபத்திரண்டு வருடம் நம்பினாள், பாவி மகள்.

அவர்களின் ஒரே மகள் நுஸ்ரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் வைத்தார்கள். பெற்ற உப்பாதான் மாப்பிள்ளையின் கைப்பிடித்துக் கொடுக்கவேண்டும் என்று அவள் ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தாள். மைமூனா புது வெள்ளைச் சட்டை தைத்து ஜித்தாவுக்கு அனுப்பியிருந்தாள். வியாழக்கிழமை விமானம் வந்தது, பெட்டியும் வந்தது. ஞாயிறன்று பிரியாணி ஆறும்வரை பார்த்துவிட்டு, உப்பாவின் இடத்தில் சைதலவியின் அண்ணன் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். நுஸ்ரத் பிரிக்காத பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதாள்.

பத்தொன்பது மாதம் கழித்து ஒரு காலையில் கேட்டில் டாக்ஸி நின்றது. இடுப்பில் குழந்தையோடு நின்ற மகளைப் பார்த்து சைதலவி, "பந்தல் எங்க? ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கே?" என்றார். அதே வெள்ளைச் சட்டைதான். காலர் வியர்வையில் பழுத்திருந்தது, முன்புறமெல்லாம் பன்னீர்க் கறை. மைமூனா அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு கல்யாணக் கார்டை எடுத்தாள். ஜித்தாவில், அதே ஞாயிற்றுக்கிழமை. சைதலவியின் மூத்த மகளுக்கு நிக்காஹ்.

மூத்த மகள் என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஒவ்வொரு பிளேனா அண்ணாந்து பாத்தேனே. நீங்க எதுலயுமே இல்லியா?"

"உள்ள வந்து எல்லாம் சொல்றேன்."

"வாங்க. கேட்டுலேருந்து படி வரைக்கும் இருபதடி. வாட்ச்சப் பாத்துக்கிட்டே வாங்க." அவள் போய்ப் படியில் நின்றுகொண்டாள்.

சைதலவி நடக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது முருங்கை மரத்தைத் தாண்டியிருக்கிறார். மழைக்காலத்தில் அவறான் குடை கொடுக்கிறார். பேத்தி அவரைச் சுற்றி சைக்கிள் ஓட்டிப் பழகினாள். பெட்டியை அன்றே பிரித்துப் பங்கு வைத்தாகிவிட்டது. துணி காயப்போட வரும்போது மைமூனா, "இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்பாள்.

"இந்தா, அஞ்சு நிமிஷம்" என்பார் அவர், கடிகாரத்தைப் பார்த்து.

"மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியை உதறி, அவரைச் சுற்றிக்கொண்டு கொடிக்குப் போவாள்.