கடைசி வரியில் ஓர் ஊர்

நிஷா இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஆலங்காயத்திலிருந்து அவளுடைய அப்பா சம்பத் போன் செய்தார். வருஷ நினைவு ஜெபத்துக்குத் தாள் அச்சடிக்க வேண்டும், அதில் போட அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்று சொல்லு என்றார்.

"ஞானப்பாட்டுல எதுனா போட்டுக்கலாம் மாமா," என்றான் ஆல்வின்.

"எதுனா இல்ல மாப்ள. அவளுக்குப் புடிச்சது. கல்யாணம் ஆகி ஆறு வருஷம், உனக்குத் தெரியாதா?"

"பாத்துட்டு சொல்றேன்."

அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஆறு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம் அவள் அயர்லாந்தில் இருந்தாள். மேயோ என்ற மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். அவள் போய் ஒரு வருஷத்துக்குள் இவனும் போவதாக ஏற்பாடு. விசாவுக்கான தாள்கள் சேரவில்லை; ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறைந்தது. போன வருஷம் ஜூன் மாதம், வேலை இல்லாத ஒரு நாளில், அவள் தன் அறையில் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டாம் நாள் சென்னை விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு ஆல்வின் அவளை வாங்கிக்கொண்டான்.

அடக்கத்தன்று அவன் அழவில்லை. பெட்டியின் கைப்பிடியில் நான்கு திருகாணிகள் இருந்தன, அதில் ஒன்று வேறு நிறம். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தைரியமான பையன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படித்தான் அவனுக்கு இருந்தது. அன்றைக்கு அப்படி, அதற்கு அடுத்த மாதங்களிலும் அப்படி. மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விட்டான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் ஸ்டோரில் அவனுக்கு வேலை. வந்திறங்கும் தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், நரம்புக் கோடு எல்லாம் தேடிப் பார்த்து, வெள்ளிப் பேனாவால் வட்டம் போட்டுத் தரம் பிரிக்க வேண்டும். அதற்கு விரலும் கண்ணும் போதும். அந்த வருஷத்தில் அவன் வேலையில் ஒரு தப்புகூட வரவில்லை.

சம்பத் கேட்ட மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆல்வின் நிஷாவின் பழைய செய்திகளைத் திறந்து பாட்டைத் தேடினான். இந்தப் பதினோரு மாதத்தில் அவன் அதைத் திறந்ததில்லை. போன வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு குரல் பதிவு இருந்தது. நாற்பத்தெட்டு நொடி. அதன் கீழே அவன் பதிலாக அனுப்பிய கட்டைவிரல் படம். ஆனால் பதிவின் ஓரத்தில் இருந்த மைக் படம் நீலமாக மாறவே இல்லை. அவன் அதைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். அது கன்டெய்னர் ஏற்றும் வாரம். கேட்காமலே கட்டைவிரலை அனுப்பியிருக்கிறான். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். அவள் எதுவும் கேட்கவில்லை.

இப்போது கேட்டான். முதலில் வாஷிங் மெஷின் ஓடும் சத்தம். அதன் மேல் நிஷாவின் குரல், ஆங்கிலத்தில் ஏதோ பாடுகிறது. மெதுவான, இழுத்து இழுத்துப் போகும் மெட்டு. நான்கு வரி. முடிந்ததும் ஒரு கிழவர் இருமுகிறார், அவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, சாம்பிள் பிரிவில் இருந்த நயீம் அகமதுவிடம் போனான். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்பெனியிலிருந்து போகும் மெயில் எல்லாம் நயீம் எழுதுவது.

"பாய், இது இன்னா பாட்டுனு கண்டுபுடிக்கணும்."

நயீம் இயர்போனில் மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டான். பிறகு போனில் பாட்டு கண்டுபிடிக்கும் செயலியில் போட்டுப் பார்த்தான், வரவில்லை. காதில் விழுந்த வரிகளை எழுதி இணையத்தில் தேடினான். ஏதேதோ பாட்டு வந்தது, இது வரவில்லை. கடைசி வரி அவனுக்கும் பிடிபடவில்லை, மெஷின் சத்தத்தில் கரைந்திருந்தது.

அந்த வாரம் சரக்கைச் சோதிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். நயீம் அவரிடம் போய் இயர்போனைக் கொடுத்தான். அவர் நின்றபடியே கேட்டார். அயர்லாந்துப் பழம்பாட்டு மாதிரி இருக்கிறது, ஆனால் நான் கேட்டதில்லை என்றார். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வைத்துக் கேட்டு, நயீமின் தாளில் எழுதிக் கொடுத்தார். 'எ லாங்கிங் ஐ ஆம்.'

நயீம் நான்கு வரியையும் தமிழில் எழுதி ஆல்வினிடம் கொண்டுவந்தான்.

*ஆணியில் மாட்டிய கோட்டு எனக்கு முன்னே காய்ந்துவிட்டது,*
*கடைசி பஸ்ஸும் என்னை விட்டுப் போய்விட்டது,*
*ஆறு மைல் நடந்தால் ஜன்னலில் ஒரு விளக்கு,*
*ஏங்கிக் கிடக்கிறேன் நான்.*

"ஏங்கிக் கெடக்கறேன்னு பாடி அனுப்சிருக்கு ஆல்வின்," என்றான் நயீம். அவன் கண் கலங்கிவிட்டது. ஆல்வின் அவனுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். தானும் கலங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. தாளை இரண்டாவது முறை படித்தான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேஜைக்குப் போனான். இருபத்தாறு தோல் பாக்கி இருந்தது.

சம்பத்திடம் சொன்னபோது அவர் நம்பாமல் கேட்டார். "நாலு வரியில பாட்டு ஏது? மீதி எங்க? யாரு கட்னது? ஐயரு கேப்பாரே." பாஸ்டரைத்தான் அவர் ஐயர் என்பார்.

மீதியைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். விஜயகுமாரி. காவேரிப்பாக்கத்துப் பெண், அதே முதியோர் இல்லத்தில் நர்ஸ், நிஷாவோடு ஒரே வீட்டில் இருந்தவள். நிஷா விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். நிஷாவின் சாமான்களைப் பெட்டி கட்டி அனுப்பிய பிறகு அவளிடம் ஆல்வின் பேசவில்லை. குரல் பதிவை அவளுக்கு அனுப்பி, இது என்ன பாட்டு சிஸ்டர் என்று மட்டும் எழுதினான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவளே கூப்பிட்டாள். அங்கே காலை நேரம், யூனிஃபார்மில் இருந்தாள்.

"அண்ணா, இது எங்கயும் கெடைக்காது. புக்குல இல்ல, நெட்டுல இல்ல. டெக்லன்னு இங்க ஒரு பெரியவர், எம்பத்தாறு வயசு. அவரு கட்னது. கேட்டா பழைய பாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனா அவ்ளோ பழசு இல்ல."

டெக்லன் இருபது வயதில் இங்கிலாந்துக்கு ரோடு தோண்டப் போனவராம். ஒரு வீட்டில் பதினாலு பேர் தங்கியிருந்தார்கள், எல்லோரும் அயர்லாந்தில் ஆளுக்கொரு ஊர். சனிக்கிழமை சாயந்திரம் நனைந்த கோட்டுகளை அடுப்படியில் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது அவர் கட்டிய பாட்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவர் முடித்தால் அடுத்தவர் எடுப்பார்.

"கடைசி வரி மட்டும் ஆளுக்கு ஆளு மாறும்ணா. அதுல ஊர் பேரு வரணும். பாடறவங்க அவங்கவங்க ஊரைப் போட்டுக்கணும்."

"ஊர் பேரா?"

"ஆமா. நானும் பாடிப் பாத்தேன். காவேரிப்பாக்கம் அதுக்குள்ள அடங்கவே இல்ல, அவரு சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துச்சு. நிஷாவுக்குத்தான் கச்சிதமா ஒக்காந்துச்சு. ஆலங்காயம்."

ஆல்வின் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்தான். எ லாங்கிங் ஐ ஆம். ஆ-லங்-கா-யம். அவள் ஒரு வார்த்தைகூட ஏங்குவதாகச் சொல்லவில்லை. அப்பா வீட்டு ஊரைச் சொல்லியிருக்கிறாள். ஆறு மைல் நடந்தால் ஜன்னலில் ஒரு விளக்கு, ஆலங்காயம்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர். மீதி வரி வேணும்."

"அவரையே பாட சொல்றேன். ஆனா ஒன்னு. அவருக்கு மறதி. நிஷா போனதை மூணு தடவ சொன்னோம். மூணு தடவையும் அப்பதான் கேக்கற மாதிரி அழுதாரு. அப்புறம் சொல்றத விட்டுட்டோம்."

அவள் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உயரமான ஒரு மனிதர், காதோரம் மயிர், முட்டியில் கம்பளி. போனில் இருப்பது நிஷாவின் கணவர் என்று விஜயகுமாரி அவரிடம் சொன்னாள். அவர் உடனே கையைத் தூக்கினார். பாடச் சொன்னதும் தயங்கவே இல்லை. குரல் நடுங்கியது, ஆனால் வரி ஒன்றும் தப்பவில்லை. மூன்று சரணமும் பாடினார். அவர் பாடும்போது கடைசியில் வேறு ஊர் வந்தது, அவர் ஊர். விஜயகுமாரி ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தமிழில் சொன்னாள், ஆல்வின் நயீம் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். மூன்றாவது சரணம் இப்படி இருந்தது: கதவைத் திறந்தால் சொல்ல என்னிடம் சேதி ஒன்றும் இல்லை, கேட்கவும் ஒன்றும் இல்லை, கோட்டை மாட்ட இடம் கொடுத்தால் போதும்.

முடித்ததும் டெக்லன் போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து ஏதோ கேட்டார். ஆல்வினுக்குப் புரியவில்லை.

"நிஷா எப்ப டியூட்டிக்கு வருவான்னு கேக்கறாருண்ணா," என்றாள் விஜயகுமாரி மெல்ல. "நான் சொல்லிக்கிறேன், விடுங்க."

"நெக்ஸ்ட் வீக், சார்," என்றான் ஆல்வின்.

டெக்லன் தலையாட்டி, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இவ்வளவு சுலபமாக அது வாயில் வந்ததே என்று ஆல்வின் போனை வைத்தபின் நினைத்தான். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை பைக்கில் ஆலங்காயம் போய்ச் சம்பத்திடம் தாளைக் கொடுத்தான். பாட்டையும் போட்டுக் காட்டி, கடைசி வரி என்ன என்று சொன்னான். அவர் போனைக் காதில் அழுத்தி இரண்டு முறை கேட்டார். ஊர் பேர் வந்த இடத்தில் அவர் தாடை அசைந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்ததும் அவர் பார்த்தது ஆல்வினின் முகத்தை.

"ஆம்பூர்னு பாடலியா அவ?"

"இல்ல மாமா."

சம்பத் கொஞ்ச நேரம் விரலால் தொடையில் தட்டிப் பார்த்தார். "ஆம்பூர் அந்த மெட்டுல ஒக்காராது மாப்ள. ரெண்டே தட்டு. இதுக்கு நாலு வேணும்."

"ஆமா மாமா."

இழுத்துப் பாடினால் உட்காரும். திரும்பும்போது ஆல்வின் வண்டியிலேயே பாடிப் பார்த்தான். ஆ-ஆம்-பூ-ஊர். நன்றாகவே உட்கார்ந்தது. அவள் அந்த இரண்டு வருஷமும் தன்னிடம் வரும் வழியைப் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தமா, சும்மா வாய்க்கு வந்த ஊரா, அவனுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. வலிக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்தான், நாக்கால் பல்லைத் தடவிப் பார்ப்பது போல. வாணியம்பாடி வந்துவிட்டது, பஸ் ஒன்று குறுக்கே வந்தது, பிரேக் போட்டான்.

நினைவு ஜெபம் சம்பத் வீட்டு மாடியில் பந்தல் போட்டு நடந்தது. பாட்டில் ஆண்டவர் பேரே இல்லையே என்று பாஸ்டர் தயங்கினார். வீட்டுக்குப் போகிற பாட்டுதான் ஐயரே என்றார் சம்பத். பாஸ்டர் சரி என்றார். தாளில் மூன்று சரணமும் தமிழில் அச்சாகியிருந்தன, கீழே டெக்லன் பேர் போட்டு. மெட்டு யாருக்கும் தெரியாததால் ஆல்வின் போனை மைக் முன்னால் வைத்தான். வாஷிங் மெஷின் பந்தல் முழுக்க ஓடியது. நிஷா பாடினாள். பின் வரிசையில் நயீம் கைக்குட்டையை எடுத்தான். முடிந்து கிழவர் இருமியதும் என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் ஆமென் என்றார். பிறகு பிரியாணி பரிமாறினார்கள்.

அதன்பின் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விஜயகுமாரி கூப்பிட்டாள். டெக்லன் பாடுவதைக் கேட்க ஆள் இருந்தால் அவருக்கு நன்றாக இருக்கிறதாம், அன்றைக்குச் சாப்பிடுகிறாராம். ஆல்வின் கேட்டான். ஒவ்வொரு தடவையும் நிஷா எப்போது வருவாள் என்று அவர் கேட்பார், அடுத்த வாரம் என்று இவன் சொல்வான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவன் வாய் அதைச் சொல்லவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், கையில் போன்.

"சார், மை வைஃப் இஸ் டெட்," என்றான். "லாஸ்ட் இயர். ஜூன்."

"ஐயோ அண்ணா," என்றாள் விஜயகுமாரி.

டெக்லன் அழவில்லை. அவர் இவனையே பார்த்தார். இந்தத் தடவை இவன் யார் என்று அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது. தூரத்து ஊரிலிருந்து பேசும் யாரோ ஒருவன், அவன் மனைவி செத்துப்போனாள், அவ்வளவுதான் அவருக்கு. கம்பளியைத் தள்ளிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்து எழ முயன்றார். விஜயகுமாரி தோளைத் தாங்கினாள். அவர் பாதி எழுந்த நிலையில் நின்று, வலது கையைத் திரையை நோக்கி நீட்டி, நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதை ஆல்வினால் யார் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள முடிந்தது. உனக்கு வந்த துன்பத்துக்காக வருந்துகிறேன்.

"இங்க சாவு வீட்டுல இப்படித்தாண்ணா கை குடுப்பாங்க," என்றாள் அவள். "நீங்களும் கை நீட்டுங்க."

ஆல்வின் எழுந்து நின்றான். கையைப் போன் திரைக்கு முன்னால் நீட்டினான். டெக்லன் கை அங்கே ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் ஒரு வருஷமாக வந்து தோளில் தட்டியிருக்கிறார்கள், எதுவும் அவன்மேல் பட்டதில்லை. இந்தக் கை பட்டது. படியில் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"தேங்க் யூ, சார்," என்றான்.

போனை வைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். கட்டிலில் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்குகிறவன் இல்லை. அன்று இருட்டும்வரை தூங்கினான். தலையணையில் ஒரு பக்கம் ஈரமாக இருந்ததை எழுந்தபிறகுதான் பார்த்தான்.