வரப்புக் கல்லில் சிவப்பு எண்

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஓசூர்க் கல்லூரியிலிருந்து கல்லாவிப் பக்கம் வந்திருந்த மாணவர்கள் மூன்றே பேர். ஹரிணி புட்டிகளில் தண்ணீர் பிடித்தாள். சுவேதா விவரம் குறித்துக்கொண்டாள். எந்தக் கிணறு எது என்று குழம்பாமலிருக்க, பக்கத்து வரப்புக் கல்லில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டான் அஸ்வின். நான்காவது கல்லை முடித்தபோது ஆட்கள் ஓடிவந்தார்கள்.

நிலத்துக்காரர் கோவிந்தப்பன் அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தார். "எந்தக் கம்பெனிக்குடா நெலம் அளக்கற?"

"ஐயா, நாங்க ஸ்டூடண்ட்ஸ்ங்க. தண்ணி டெஸ்ட்டு..."

"எம் மச்சான் ஊர்லயும் மொதல்ல செவப்பு நம்பருதான் போட்டானுங்க. இப்ப அதே நெலத்துல அவன் வாட்ச்மேனு. எங்கிட்டயே கதை விடறியா?"

ஹரிணி நடுங்கும் கையால் அடையாள அட்டையை நீட்டினாள்.

"அவனுங்களும் இந்த மாரி அட்டை மாட்டிக்கினுதான் வந்தானுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அடி விழுந்தது. அஸ்வினின் உதட்டில் ரத்தம் கசிந்தது. இவனை உயிரோடு கூட்டிப் போக முடியுமா? 'பெயின்ட் அடித்தவன் அவன்தான்' என்று சொல்லி விலகிவிடலாமா என்று ஹரிணிக்கு ஒரு கணம் தோன்றியது; தோன்றியதற்கே நெஞ்சு கூசியது. முருகா, முருகா என்று உள்ளுக்குள் கதறினாள்.

கோவிந்தப்பனின் மனைவி முனிலட்சுமி கூட்டத்தை விலக்கி வந்தாள். "யாருனா வண்டியிலருந்து பெட்ரோலு புடிங்கய்யா!"

ஒருவர் புட்டி நிறையக் கொண்டுவந்தார். நெடி மூக்கில் ஏறியது. சுவேதா அலறினாள். ஹரிணி கைகளை விரித்தபடி அஸ்வினுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, வேணாங்கக்கா! மூணு பேரும் செஞ்ச தப்புக்கா!"

முனிலட்சுமி திகைத்துப்போனாள். "அடிப் பாவி, கொளுத்தவா கேட்டேன்? நாங்களும் மனுசங்கதான்டி." தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பெட்ரோலில் நனைத்து, பாதி கிழித்து ஹரிணியிடம் கொடுத்தாள். "நின்னுக்கினே இருக்கறியே. கல்லுல அந்தப் பக்கம் தொடை."

கடவுள் துணைக்கு அனுப்புவது சில நேரம் கந்தல் துணியாகவும் இருக்கும். இருவரும் மண்டியிட்டுத் தேய்த்தார்கள். சிவப்பு முதலில் கல் முழுக்கப் பரவி, பிறகு மெல்ல வெளுத்தது. காலரை விடாமலே அஸ்வினைக் கல் கல்லாக இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார் கோவிந்தப்பன். கூட்டமும் கூடவே வந்தது.

கடைசிக் கல்லில் முனிலட்சுமி நிமிர்ந்தாள். "அவன விடுய்யா. எழுதின கையாலயே அழிக்கட்டும்."

கோவிந்தப்பன் விரல்களைப் பிரித்தார். அப்போதுதான் ஹரிணி பார்த்தாள்: அந்தக் கை அவள் கையைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.