முதல் ஸ்பூன்

சாப்பாட்டு மேசையில் மூத்தவர் ஸ்பூனை எடுக்காமல் இளையவர் எடுக்கக் கூடாது. மன்ஹோ பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம் இது. இதில் தகராறு வர வழியே இல்லை, மூத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார். பூசான் துறைமுகத்து மீன்கடையில் குடும்பத்தோடு போய் உட்காரும்வரை அந்த நம்பிக்கை நன்றாகத்தான் இருந்தது.

மேசையின் ஒரு பக்கம் அவருடைய அப்பா பியோ. எதிரே மாமனார் தோக்கோ. பியோ டிசம்பர் கடைசியில் பிறந்தவர், தோக்கோ அதையடுத்த ஜனவரியில். பழைய கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது, வருஷம் பிறந்தால் இன்னொன்று. அதனால் தோக்கோ தொட்டிலுக்கு வருவதற்குள் பியோ இரண்டு வயதுக்காரராகிவிட்டார். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் சம்பந்திகள் சுமுகமாக இருந்தார்கள். போன வருஷம் அரசாங்கம் பழைய கணக்கைத் தூக்கிவிட்டு, இனிமேல் பிறந்தநாளை வைத்துத்தான் வயது என்று சொல்லிவிட்டது. நாடே ஒரே நாளில் இளமையானது. மன்ஹோவுக்கும் வயது குறைந்தது. முதுகுவலி மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுகொண்டது. பெரியவர்கள் இருவருக்கும், டிசம்பர் கடைசி வரும்வரை, ஒரே வயது.

"எடுங்க சம்பந்தி" என்றார் பியோ.

"நல்லா இருக்கே! நீங்க இருக்கும்போது நானா? நீங்க எடுங்க."

"நமக்குள்ள இப்ப பெரியவன் சின்னவன் கெடையாது. அரசாங்கமே சொல்லிருச்சு. நீங்க பொண்ணு குடுத்தவரு, நீங்கதான் எடுக்கணும்."

"பொண்ணு குடுத்தவன் கைய நீட்டலாமா? மாப்பிள்ளையப் பெத்தவரு எடுங்க."

தட்டில் அப்போதுதான் நறுக்கிய ஆக்டோபஸ் நெளிந்துகொண்டிருந்தது. அதை உயிர்த்துடிப்போடு சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் விசேஷம். அதற்கு எவ்வளவு நேரம்தான் பொறுமை இருக்கும்? ஒரு துண்டு தட்டைவிட்டு இறங்கி, மிளகாய் விழுதைச் சுற்றிக்கொண்டு, மேசை விளிம்பைத் தாண்டிப் போனது. இன்னும் நான்கு துண்டுகள் அதன் பின்னாலேயே வரிசையாகப் போயின. பக்கத்து மேசைக்காரர் அவற்றைப் பணிவோடு சாப்பாட்டுக் குச்சியில் பிடித்துக் கொண்டுவந்து, "இது உங்களதுங்களா?" என்று கேட்டார்.

"தாத்தாங்களா, நான் கண்ண மூடிக்கறேன்" என்றாள் மன்ஹோவின் மகள் போரா. "யாரு எடுத்தாலும் நான் பாக்கல. கோர்ட்ல வந்துகூட சொல்ல மாட்டேன்."

"வாய மூடு" என்றாள் அவளுடைய அம்மா உன்சில்.

"மூடித்தாம்மா வெச்சிருக்கேன். தெறக்கத்தான் விட மாட்டேங்கறாங்களே."

ஆக்டோபஸ் மொத்தமும் கடலைப் பார்க்கக் கிளம்பிய பிறகு குடும்பம் எழுந்தது.

மன்ஹோவுக்குப் பசியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. இரண்டு பெரியவர்களும் மனைவியை இழந்து ஆளுக்கொரு ஊரில் தனியாக இருந்தார்கள். அவரும் உன்சிலும் தேஜோனில் புது வீடு பார்த்து, அதில் ஒரு அறையை இவர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஒரே அறை, இரண்டு கட்டில். "ஒரு வாரம் ஊர் சுத்தி ஒண்ணாச் சாப்ட்டாங்கன்னா ஒண்ணா இருந்துருவாங்க" என்று உன்சில் போட்ட திட்டம்தான் இந்தப் பயணம். ஒத்துவராவிட்டால் முதியோர் இல்லம்தான் மிச்சம். அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

பூசான் சந்தையில் பியோ ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினார். சம்பந்திக்கு மரியாதைக் குறைவாகிவிடக் கூடாதே என்று தோக்கோவும் அதே தொப்பியை வாங்கினார். முதலில் யார் போட்டுக்கொள்வது என்று முடிவாகாததால் இருவரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெயிலில் நடந்தார்கள். துணிக்கடை வாசலில் "நீங்க போங்க", "நீங்க போங்க" என்று நின்றதில், உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை, வெளியே நின்றவர்கள் உள்ளே போக முடியவில்லை. கடைக்காரர் பின்சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்தார். இப்போது அந்தக் கடையில் வியாபாரம் பிரமாதமாக நடக்கிறது என்று கேள்வி.

ஸ்பூன் இல்லாமல் நின்றுகொண்டு தின்பதற்கு அந்த வழக்கம் பொருந்தாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். போரா கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி உருண்டைச் சோறு தின்றாள். உன்சில் பெரிய கடையின் கீழ்த்தளத்தில் ருசி பார்க்கக் கொடுப்பதையெல்லாம் சுற்றிச் சுற்றி வாங்கித் தின்று, நான்காவது சுற்றில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனாள். மன்ஹோ தள்ளுவண்டி ஒன்றில் சாற்றில் வேகும் மீன்வடைக் குச்சி வாங்கப் போனபோது, வண்டிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றார். இந்தப் பக்கம் மாமனார் நின்றார். இருவர் வாயிலும் குச்சி. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருவரும் சேர்ந்தாற்போல் பாதி கடித்த வடையைக் கொதிக்கும் சாற்றிலேயே திரும்ப வைத்துவிட்டு, காற்று வாங்க வந்தவர்கள் போல நடந்தார்கள்.

கியோங்ஜுவில் நிலைமை முற்றியது. பழைய ராஜாக்களின் கல்லறை மேடுகள் பச்சைப் புல் மூடி, குப்புறக் கவிழ்த்த சோற்றுக் கிண்ணங்கள் போலத் தெரிந்தன. அதைப் பார்த்துப் போராவுக்குக் கண் கலங்கியது. இலையில் சுற்றித் தின்னும் சோற்றுக்குப் பேர்போன கடையில் போய் உட்கார்ந்தார்கள். மேசை நிறையக் கிண்ணங்கள். பெரியவர்கள் ஆரம்பித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடத்திலேயே மூத்தவர்கள் இவர்கள்தான். இவர்களே எடுக்காதபோது நாம் எப்படி என்று பக்கத்து மேசை ஸ்பூனைக் கீழே வைத்தது. பிறகு அதற்கடுத்த மேசை. சமையற்கட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சமையற்காரர்கூட எழுந்து நின்றார். கல்யாணம் பேச வந்த ஒரு குடும்பம், சகுனம் சரியில்லை என்று எழுந்து போனது.

"ஐயா சாமிகளா" என்று கடைக்கார அம்மாள் கும்பிட்டாள், "ரெண்டு பேர்ல ஒருத்தரு கொஞ்சம் வயசாகிக் காட்டுங்களேன்!"

ஆகவில்லை.

சாயங்காலம் பொதுக் குளியலறைக்கு அழைத்துப்போய், மன்ஹோ அப்பாவுக்கு முதுகு தேய்த்தார். தோக்கோ தூரத்தில் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு கிடந்தார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? சும்மா எடுத்துட்டுப் போங்களேன். இத்தன வருஷமா நீங்கதான எடுத்தீங்க?"

பியோ சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப எடுத்தா மரியாத. இப்ப எடுத்தா நான்தான் கெழவன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. மூத்தத மொதல்ல இல்லத்துல விட்ருவீங்க. எனக்குத் தெரியாதா? அழுத்தித் தேய்டா, சோறு தின்னவன் மாதிரி."

"தின்னாத்தானப்பா."

அடுத்து மாமனாரின் முதுகு. அவர் தானாகவே ஆரம்பித்தார். "மாப்ள, ஒங்கப்பா நல்லவருதான். ஆனா நான் எடுத்தேன்னு வைங்க, பெருசு இதுதான்னு முடிவு பண்ணி என்னைய இல்லத்துல சேத்துருவீங்க. நான் சிக்க மாட்டேன்."

"மாமா, யாரையும் எங்கயும் விடல. ரெண்டு பேருக்கும் சேத்து ரூம் போட்டிருக்கோம்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றார் தோக்கோ. "பக்கத்து வீட்டுக்காரன்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க. இப்ப அவன் பல்லு ஒரு டம்ளர்ல, அவன் ஒரு கட்டில்ல."

அப்போதுதான் மன்ஹோவுக்கு விளங்கியது. ஸ்பூனை எடுக்க ஆள் வேண்டும். இவர்கள் இருவரையும்விட மூத்தவராக ஒருவர் வேண்டும்.

ஜொன்ஜுவில் ஓட்டுவீட்டுத் தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் கிடைத்துவிட்டார். மதிலோரம் நிழலில், உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழம் போல முகம் சுருங்கி, நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மன்ஹோ குனிந்து வணங்கினார்.

"பெரியவருக்கு என்ன வயசுங்க ஆச்சு?"

"எந்தக் கணக்குல?"

"புதுக் கணக்குலயே சொல்லுங்க."

"தொண்ணூத்தி மூணு."

"சாப்ட்டீங்களா?"

கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ கேக்கற தினுசப் பாத்தா இல்லன்னு சொல்றதுதான் மரியாதை போலருக்கு."

அவர் பெயர் மேங். கடையில் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை, நின்றபடியே ஸ்பூனை எடுத்துவிட்டார். அடுத்த நொடி அந்த மேசையில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெண்கலக் கிண்ணத்துக் கலந்த சோறு வந்தது, போனது. முளைகட்டிய பயறுச் சாறு வந்தது, போனது. போரா கிண்ணத்தைக் கழுவத் தேவையில்லாத நிலையில் கீழே வைத்தாள். கடைக்காரர் வெளியே போய் 'இன்று இருப்பு தீர்ந்தது' என்று பலகை மாட்டிவிட்டு வந்தார். மணி அப்போது பகல் பன்னிரண்டுகூட ஆகவில்லை.

"டேய் தம்பி" என்றார் மேங் பியோவைப் பார்த்து, "அந்தக் கிம்ச்சி ஊறுகாய இப்பிடித் தள்ளு. நீ என்னடா பாத்துக்கிட்டு இருக்க, சின்னவனே, தண்ணி ஊத்து."

எத்தனையோ வருஷங்களாக யாரும் பியோவைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவருக்குக் காது மடல் சிவந்தது. தோக்கோ எழுந்து, பள்ளிக்கூடப் பையன் போல இரண்டு கையாலும் தண்ணீர் ஊற்றினார்.

"இந்தாங்க அண்ணே."

"அண்ணே, முட்ட வேணுங்களா?"

"என் முட்டைய எடுத்துக்கங்கண்ணே, அவரு முட்ட சின்னது."

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள், ஒரே சமயத்தில். மேங் பெரியவர் யாரும் கூப்பிடாமலேயே வண்டியில் ஏறி நடு இருக்கையில் உட்கார்ந்தார். "சியோல் அரண்மனைய ஒருக்கா பாத்துரணும்னு ஆச" என்றார். "பாத்துட்டு செத்துருவீங்களா?" என்று போரா கேட்டதற்கு உன்சில் தொடையில் கிள்ளினாள். "பாத்துட்டு மத்தியானச் சாப்பாடு சாப்டுவேன்" என்றார் அவர்.

மறுநாள் சியோல். அங்கே பழங்கால உடை உடுத்தி வந்தால் அரண்மனைக்குள் விடக் காசு கேட்க மாட்டார்கள். மூன்று கிழவர்களும் வாடகைக்கு உடை எடுத்தார்கள். மேங் கேட்காமலேயே ராஜா அங்கியை எடுத்துக்கொண்டார். தம்பிகள் இருவரும் மந்திரி உடையில் பின்னால் கைகட்டி நடந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அவரை அங்கேயே குடியிருக்கும் ராஜா என்று நினைத்து வரிசையில் நின்று வணங்கினார்கள். அவரும் இரண்டு பேருக்கு நிலம் தானம் செய்தார்.

அங்கேதான் மன்ஹோவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அரண்மனைப் படிகளில் தம்பிகள் கைப்பிடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோது, அண்ணன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போய் மேலே நின்று கொட்டாவி விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில், ஆவி பறக்கும் கோழிச் சாறு மேசைக்கு வருகிற நேரம், மேங்கின் ராஜா அங்கிக்குள் போன் அடித்தது. அவர் எழுந்து வெளியே போனார். மன்ஹோ கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தெருவுக்கே கேட்டது.

"எங்கடா தொலஞ்ச? கோழிக் கூட்ட யாரு சாத்தறது? சாப்ட்டியா, இல்லியா?"

"இப்பத்தாம்மா, வந்துருச்சு."

மன்ஹோ முன்னால் வந்து நின்றார். "யாருங்க அது?"

"எங்கம்மா."

"அவங்களுக்கு என்ன வயசு?"

"தொண்ணூத்தி மூணு."

மன்ஹோ அவருடைய தாடியை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்ப உங்களுக்கு?"

"எழுவத்தொண்ணு. அது அம்மாவோட வயசு தம்பி. வீட்டுல சும்மாத்தான கெடக்கு, எடுத்துட்டு வந்தேன்."

"எங்கப்பாவும் மாமாவும் உங்களவிட மூத்தவங்க! அவங்க உங்களுக்கு முட்டைய எடுத்து வெக்கறாங்க!"

"நானா கேட்டேன்? என்னைய வயசு கேட்டது நீ. உனக்கு எது வேணுமோ அதச் சொன்னேன்." மேங் தாடியை நீவிவிட்டுக்கொண்டார். "இப்ப உள்ள போய் உண்மையச் சொல்லணும்னாலும் சொல்லு. நான் பஸ் புடிச்சுப் போயிருவேன். சாறு ஆறுதேன்னுதான் வருத்தம்."

மன்ஹோ கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மந்திரி உடையிலேயே உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களும், அண்ணன் கிண்ணத்துக்குக் கோழித் தொடையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"அண்ணனுக்குத் தொணைன்னு ஒருத்தரும் இல்ல போலருக்கே. நம்ம ரூம்லயே ஒரு படுக்கையப் போட்ருவோமா?"

"ஜன்னல் பக்கம் வேணாம், அண்ணனுக்குக் காத்து ஒத்துக்காது. அங்க நீங்க படுங்க. நான் கதவோரம் படுத்துக்கறேன்."

"சரி. ஆனா கொறட்ட விடக் கூடாது."

நம்ம ரூம் என்கிறார்கள். மன்ஹோ மனைவியைப் பார்த்தார். உன்சில் ஒன்றும் தெரியாதவள் போலக் கத்தரிக்கோலால் கிம்ச்சியை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய துண்டையே மறுபடியும் மறுபடியும் வெட்டினாள்.

மேங் வந்து உட்கார்ந்தார். இந்த முறை ஸ்பூனை எடுக்கவில்லை. கையை அதன்மேல் நிறுத்திவைத்துக்கொண்டு மன்ஹோவையே பார்த்தார். சாறு ஆறிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் இரண்டு மேசைகளில் ஸ்பூன்கள் கீழே இறங்கத் தொடங்கின.

"எடுங்க பெரியவரே" என்றார் மன்ஹோ.

எடுத்தார்.

மேங் ஜொன்ஜுவுக்கே திரும்பிவிட்டார். கோழிக் கூட்டைச் சாத்த வேண்டியிருந்தது. தம்பிகள் எவ்வளவோ கெஞ்சியும், "எனக்குச் சொந்த ஊர்லதாண்டா தூக்கம் வரும்" என்று சொல்லிவிட்டார். அதற்காகத் தேஜோனில் சாப்பாடு நின்றுவிடவில்லை. தினமும் சாயங்காலம் போரா தன் போனைக் கிம்ச்சிக் கிண்ணத்தில் சாய்த்துவைத்து, ஜொன்ஜுவை அழைப்பாள். திரையில் மேங் தன் வீட்டு மேசைமுன் உட்கார்ந்திருப்பார். "எடுக்கறேன்டா தம்பிங்களா" என்பார். "எடுங்கண்ணே" என்று இருவரும் குரல் கொடுப்பார்கள். அவர் எடுப்பார், இவர்கள் எடுப்பார்கள், போரா ஏற்கெனவே பாதி முடித்திருப்பாள்.

தம்பிகளின் கண் சாற்றிலேயே இருக்கும். மன்ஹோ மட்டும் திரையைப் பார்ப்பார். மேங் ஸ்பூனைத் தூக்குவதற்குச் சற்று முன்னால், திரையின் ஓரத்தில், எலும்பும் தோலுமாக ஒரு கை நீண்டு தன் ஸ்பூனை எடுக்கும். அது எடுக்கும்வரை அந்த வீட்டில் அவரும் காத்துக்கொண்டுதான் இருப்பார்.