கணக்கரின் கண்ணீர்

மேனேஜருக்கு மாற்றல் வந்த அன்று, குடோன் கணக்கர் வீடு வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே போனார். வருடக்கணக்கில் அந்த மனிதரின் வாயில் விழுந்து எழுந்தவர் அவர்.

வழியனுப்பு விழாவன்று காலையில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தியது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் கோவைப்பழம். தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது.

"பேசாம லீவு போடுங்க," என்றாள் மனைவி.

"இன்னைக்கா? அந்த ஆளு கிளம்பறத நான் பாக்க வேணாமா?"

கூடத்தில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். நன்றி சொல்லிக்கொண்டே வந்த மேனேஜர், கைக்குட்டையும் கையுமாக இருந்தவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். இறங்கி வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

"உன்னத்தான்யா நாள்பூரா திட்டினேன். நீ போய் எனக்காக அழுறியே."

"இல்ல சார், அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. புதுக் கிளைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன். இப்பவே ஹெட் ஆபீசுல பேசறேன்."

கணக்கர் கைக்குட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தார். முன்வரிசை டைப்பிஸ்ட் அக்கா திரும்பி, "நடிப்புல நம்மள எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுட்டீங்களேண்ணே," என்றாள். மேனேஜர் போனைக் காதில் வைத்துவிட்டார். இனி மானம் பார்த்தால் காரியம் கெட்டது.

"சார், நான் அழல. கண்ணு வலி."

மேனேஜரின் முகம் தொங்கிவிட்டது. போனை இறக்கினார். "எனக்காக ஒரு சொட்டுகூட இல்லையா?"

கணக்கர் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "எல்லாமே கண்ணு வலிதான் சார்."

அங்கிருந்து நேரே கண் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இருக்கா?"

"லேசா. தொண்டையும் கரகரங்குது."

"கொரோனா சில பேருக்குக் கண்ணையும் பிடிக்கும். டெஸ்ட் எடுத்துடுங்க. கண்ணத் தொட்ட கையால யாரையும் தொடாதீங்க. இன்னைக்கு யாரையாவது தொட்டீங்களா?"

"நான் தொடல டாக்டர். என்னைத்தான் கட்டிப்பிடிச்சாங்க."

டெஸ்டில் கொரோனாதான் என்று வந்தது. தனி அறையில் படுத்து, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, கண் தெளிந்துவரும் நேரத்தில் டைப்பிஸ்ட் அக்கா போன் செய்தாள்.

"அண்ணே, நல்ல வேலை பண்ணீங்க. மேனேஜருக்கும் கொரோனா. புதுக் கிளைல சேர முடியலைன்னு அங்க வேற ஆளப் போட்டுட்டாங்க. இனிமே நம்மகூடவேதான் இருக்கப்போறாராம்."

போனை வைத்தவரைக் கதவோரம் நின்று பார்த்தாள் மனைவி.

"மறுபடியும் வழியுதே. மருந்து எடுத்துத் தரவா?"

"வேணாம்மா. இது அழுகை."